கால் முளைத்த வாண்டுடன் விமானப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடக்கத் தொடங்கிய, ஆனால் இன்னும் மூன்று வயது ஆகாத குழந்தையோடு விமானம் ஏறப் போகிறவர்களுக்காக எழுதியது இது. கைக்குழந்தை என்றால் பால் குடித்துவிட்டுத் தூங்கிவிடும். நான்கு வயதுப் பிள்ளையிடம் பேசிப் புரியவைக்கலாம். நடுவில் இருக்கும் இந்த வயதுதான் சிக்கல். ஓடத் தெரியும், உட்காரத் தெரியாது. அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணம் முழுக்கக் குழந்தை சத்தமே போடக் கூடாது என்று நினைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். பத்திரமாக, பசியில்லாமல், ஈரமில்லாத உடையோடு போய்ச் சேர்ந்தால் போதும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சொன்னவைதான்.

இரண்டு வயது ஆகவில்லை என்றால் டிக்கெட் எடுக்க வேண்டாமா?

டிக்கெட் வேண்டும், தனி சீட்தான் கட்டாயமில்லை. இரண்டு வயது முடியாத குழந்தையைப் பெரியவர் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். அதற்கும் குழந்தையின் பெயரை முன்பதிவில் சேர்த்தாக வேண்டும். வெளிநாட்டுப் பயணம் என்றால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் பெரியவர் கட்டணத்தில் ஏறக்குறைய 10 சதவீதமும் வரிகளும் வாங்குகின்றன. உள்நாட்டுப் பயணத்தில் சில நிறுவனங்கள் சின்னத் தொகை கேட்கும், சில எதுவும் கேட்காது.

பலரும் கவனிக்காமல் விடுவது திரும்பி வரும் தேதி. வயதை டிக்கெட் எடுத்த நாளை வைத்துப் பார்ப்பதில்லை, பறக்கும் நாளை வைத்துத்தான் பார்ப்பார்கள். போகும்போது 23 மாதம், அங்கே இருக்கும்போது பிறந்தநாள் வந்துவிடுகிறது என்றால், திரும்பும் பயணத்துக்குத் தனி சீட் எடுக்கச் சொல்வார்கள். கவுன்டரில் போய் இது தெரிந்தால் அன்றைய விலையில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

இரட்டைக் குழந்தைகளா? ஒரு பெரியவர் மடியில் ஒரு குழந்தைக்குத்தான் அனுமதி. அப்பா ஒன்று, அம்மா ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் பக்கத்துப் பக்கத்து சீட் கிடைக்காமல் போகலாம். பெரும்பாலான விமானங்களில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று சீட்டுக்கு ஒரே ஒரு ஆக்சிஜன் முகமூடிதான் கூடுதலாக இருக்கும். அதனால் நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று உட்கார வைப்பார்கள்.

மடியில் வைத்துக்கொள்வதா, தனி சீட் எடுப்பதா?

சட்டம் மடியை அனுமதிக்கிறது. ஆனால் பாதுகாப்பு என்று பார்த்தால் தனி சீட்டும் அதில் கட்டிய கார் சீட்டும்தான் சரி. விமானம் திடீரென்று குலுங்கும்போது பத்துக் கிலோ குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. அது பெற்றோரின் பலத்தைப் பற்றிய விஷயமே இல்லை.

இந்த விவாதத்துக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள சியூ சிட்டியில் ஒரு டிசி-10 விமானம் அவசரமாகத் தரையிறங்கியபோது நொறுங்கியது. மடிக் குழந்தைகளைத் தரையில் படுக்க வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்வதுதான் அன்றைய நடைமுறை. அப்படித்தான் செய்தார்கள். அதில் 22 மாதக் குழந்தை ஒன்று இறந்துபோனது. அந்த விமானத்தின் தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன் அதன் பிறகு பல ஆண்டுகள், ஒவ்வொரு குழந்தைக்கும் தனி சீட் வேண்டும் என்று பிரசாரம் செய்தார். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் அதையே வலியுறுத்தி வருகிறது. அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமோ தனி சீட்டைப் பரிந்துரைப்பதோடு நிறுத்திக்கொண்டது. அவர்கள் சொன்ன காரணமும் ஒதுக்கித் தள்ளக்கூடியதல்ல. தனி சீட்டைக் கட்டாயமாக்கினால் செலவுக்கு அஞ்சிச் சில குடும்பங்கள் காரில் போகும். சாலைப் பயணம் விமானத்தைவிட ஆபத்தானது.

நான் என்ன சொல்வேன் என்றால், மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம், குழந்தை நன்றாக நடக்கிறது, கையில் பணம் இருக்கிறது என்றால் தனி சீட் எடுத்துவிடுங்கள். பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், உங்கள் கால்களுக்கும் கொஞ்சம் ரத்த ஓட்டம் வேண்டும். குறுகிய பயணத்துக்கு மடி போதும் என்று முடிவு செய்தால் அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஐரோப்பா உட்படப் பல இடங்களில், உங்கள் பெல்ட்டோடு கோத்துக் குழந்தையின் இடுப்பில் மாட்டும் சிறு பெல்ட் ஒன்றைத் தருவார்கள். அமெரிக்க விமானங்களில், விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் அதற்கு அனுமதி இல்லை.

எங்கள் கார் சீட்டை விமானத்தில் வைக்க முடியுமா?

அதன் அடியிலோ பக்கவாட்டிலோ, விமானத்தில் பயன்படுத்தலாம் என்று அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனாலும் சீட்டின் அகலத்தை விமான நிறுவனத்திடம் கேட்டு, வீட்டிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள். மற்றவர்கள் வெளியேறும் வழியை மறைக்காமல் இருக்க ஜன்னலோரம்தான் வைக்கச் சொல்வார்கள். அவசர வழி வரிசையில் வைக்க முடியாது. உயரம் கூட்டுவதற்கான பூஸ்டர் சீட்டை விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் பயன்படுத்தக் கூடாது.

கனமான கார் சீட்டைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்றால், கேர்ஸ் என்ற தோள் பெல்ட் ஒன்று இருக்கிறது. 10 முதல் 20 கிலோ எடை, 100 சென்டிமீட்டர் வரை உயரம் உள்ள குழந்தைகளுக்கானது. மடித்துக் கைப்பையில் போட்டுக்கொள்ளலாம். உங்கள் விமான நிறுவனம் அதை ஏற்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பாஸினெட் (முன்சுவரில் மாட்டித் தரும் குழந்தைத் தொட்டில்) கேட்கலாமா?

கேட்டுப் பார்க்கலாம். ஆனால் இந்த வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் பொருந்தாது. 10 அல்லது 11 கிலோதான் பல நிறுவனங்களின் வரம்பு; நீளமும் போதாது. சீட் பெல்ட் விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் தூங்கும் குழந்தையை எழுப்பி வெளியே எடுக்க வேண்டும்.

எந்த நேரத்து விமானம் நல்லது? எந்த சீட்?

நீண்ட பயணத்துக்கு இரவு விமானம். குழந்தை வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஒட்டிப் புறப்பட்டால் பாதி வேலை தானாக நடந்துவிடும். குறுகிய பயணத்துக்குக் காலை விமானம் பார்க்கலாம், தாமதம் குறைவு. பகல் தூக்க நேரத்தில் பறந்தால் தூங்கிவிடும் என்று பலர் போடும் கணக்கு எனக்கு அவ்வளவாக நம்பிக்கை தருவதில்லை. தூங்கினால் அதிர்ஷ்டம். தூங்காவிட்டால் தூக்கக் கலக்கத்தோடு அழும் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். விமானம் மாற வேண்டியிருந்தால் இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டயப்பர் மாற்ற, சாப்பிட, ஓடி விளையாட எல்லாம் அந்த நேரம்தான்.

சீட் விஷயத்தில், நடைபாதையை ஒட்டி நீங்கள், ஜன்னல் பக்கம் குழந்தை என்பதுதான் என் தேர்வு. நடைபாதை ஓரம் குழந்தையை வைத்தால் சாப்பாட்டு வண்டி போகும்போது கையோ காலோ இடிபடும். சூடான பானங்களும் அந்த வழியாகத்தான் கைமாறும். முதல் வரிசையில் கால் வைக்க இடம் இருக்கும். ஆனால் பெரும்பாலும் கைப்பிடி மேலே தூக்காது, விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் பையை மேலே வைத்துவிட வேண்டும். பொம்மை வேண்டும் என்று குழந்தை கேட்கும் நேரம் சரியாக அதுவாகத்தான் இருக்கும். எல்லாரும் ஒரே முன்பதிவில் இருக்கிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கணினி உங்களை ஆளுக்கொரு மூலையில் போட்டுவிடும்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

வெளிநாடு என்றால் குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட், தேவைப்பட்டால் விசா. உள்நாடு என்றாலும் பிறப்புச் சான்றிதழின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும்; மடிக் குழந்தைக்கு வயதை நிரூபிக்கச் சொல்வார்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்துப் போகிறார், அல்லது தாத்தா பாட்டி அழைத்துப் போகிறார்கள் என்றால், மற்றவரின் சம்மதக் கடிதத்தை நோட்டரி சான்றோடு வைத்துக்கொள்வது நல்லது. சில நாடுகளின் குடிவரவு அதிகாரிகள் அதைக் கேட்பார்கள். குழந்தையின் குடும்பப் பெயரும் உங்கள் பெயரும் வேறாக இருந்தால் பிறப்புச் சான்றிதழ் அங்கேயும் கைகொடுக்கும்.

கிளம்பும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

வெளிநாடு போவதாக இருந்தால் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். தடுப்பூசி போட்டதும் உடனே பலன் தராது. சிலவற்றுக்கு இரண்டு தவணை வேண்டும். உதாரணமாகத் தட்டம்மை. ஒரு வயது கடந்த குழந்தை வெளிநாடு செல்லும் முன் குறைந்தது 28 நாள் இடைவெளியில் இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை. அப்புறம், காய்ச்சல் மருந்தின் அளவைக் குழந்தையின் இன்றைய எடைக்கு ஏற்ப எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு முன் சொன்ன அளவு இப்போது சரியாக இருக்காது.

காது வலிக்குமே, என்ன செய்வது?

விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல இருக்காது. சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்கு அது குறைந்திருக்கும். ஏறும்போது நடுக்காதில் உள்ள காற்று விரிந்து எளிதாக வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் தொல்லை, வெளியே அழுத்தம் கூடும், உள்ளே காற்று போக வேண்டும். அதற்கான குழாய் தொண்டைக்கும் காதுக்கும் நடுவே இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு அது குட்டையாகவும் குறுகலாகவும் ஏறக்குறையப் படுக்கைவாட்டிலும் இருப்பதால் சட்டென்று திறக்காது. விழுங்கும்போது திறக்கும். தீர்வு அவ்வளவுதான்: எதையாவது விழுங்க வைக்க வேண்டும்.

தாய்ப்பால், பாட்டில், ஸ்ட்ரா வைத்த டம்ளர், எதுவாக இருந்தாலும் சரி. நேரம்தான் முக்கியம். விமானம் தரையைத் தொடுவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்பே இறங்கத் தொடங்கிவிடும். கடைசிப் பத்து நிமிடத்துக்கு என்று பாலை எடுத்து வைத்திருந்தால் தாமதமாகிவிடும். என்ஜின் சத்தம் குறைந்து மூக்குப் பகுதி லேசாகச் சாய்வது தெரிந்ததுமே தொடங்குங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தூங்கும்போது விழுங்குவது குறைவு என்பதால், காதுத் தொல்லைக்குப் பேர்போன குழந்தையென்றால் இறங்கத் தொடங்கும்போது எழுப்பிவிடலாம். மற்றபடி நிம்மதியாகத் தூங்கும் குழந்தையை நான் எழுப்ப மாட்டேன். அழுகையும் காதைத் திறக்க உதவும் என்பது கொஞ்சம் ஆறுதல்.

சளி அல்லது காதில் சீழ் இருந்தால் பயணத்துக்கு முன் மருத்துவரிடம் காட்டாமல் ஏறாதீர்கள்.

தூங்குவதற்கு மருந்து கொடுக்கலாமா?

வேண்டாம். அரிப்புக்கும் சளிக்கும் கொடுக்கும் சில பழைய ரக மருந்துகள், டைஃபென்ஹைட்ரமைன் போன்றவை, தூக்கம் வரவழைக்கும் என்று சிலர் சொல்வார்கள். சில குழந்தைகளுக்கு அவை நேர்மாறாக வேலை செய்யும். தூங்குவதற்குப் பதில் துள்ளிக் குதிக்கும், எரிச்சலில் கத்தும். அளவு தவறினால் ஆபத்தும் உண்டு. பயண வாந்தி உள்ள குழந்தைக்கு மருந்து தேவையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பாதுகாப்புச் சோதனையில் பால், தண்ணீர், கூழ் எல்லாம் விடுவார்களா?

கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற வரம்பு குழந்தை உணவுக்குப் பொருந்தாது. தாய்ப்பால், பால் பவுடர் கரைசல், கூழ், குழந்தைக்கான தண்ணீர் ஆகியவற்றைப் பயணத்துக்குத் தேவையான அளவுக்கு எடுத்துப் போகலாம். அவற்றைத் தனிப் பையில் வைத்து, கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டிவிடுங்கள். திறந்து பார்ப்பார்கள், சில இடங்களில் கருவியில் வைத்துச் சோதிப்பார்கள். அதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.

தள்ளுவண்டியை மடித்து எக்ஸ்ரேயில் அனுப்ப வேண்டும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வாசலைக் கடக்க வேண்டும். தூங்கும் குழந்தையை இங்கே எழுப்ப நேரிடும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொம்மையும் ஸ்கேனருக்குள் போகும். "பொம்மை குகைக்குள்ள போயிட்டு அந்தப் பக்கம் வரும்" என்று வீட்டிலேயே சொல்லி விளையாடிவிட்டால் அங்கே அழுகை குறையும்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-ஹவருக்குள் இருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. அது ஏறக்குறைய 27,000 எம்ஏஹெச்.

தள்ளுவண்டியை எங்கே வரை கொண்டு போகலாம்?

பெரும்பாலும் விமானத்தின் கதவு வரை. அங்கே ஒரு அடையாள அட்டை கட்டி வாங்கிக்கொள்வார்கள். ஆனால் திரும்ப எங்கே தருவார்கள் என்பதைக் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் இறங்கியதும் கதவருகே கிடைக்கும். சில இடங்களில் பெட்டிகளோடு சேர்த்துத்தான் வரும். விமானம் மாறும் நிலையத்தில் வண்டி இல்லாமல் தூங்கும் குழந்தையோடு நீளமான நடைபாதையைக் கடப்பது பெரிய பாடு. அதனால் தோளில் கட்டிக்கொள்ளும் கேரியர் ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

கைப்பையில் என்ன வைப்பது?

பயண நேரத்தில் மணிக்கு ஒரு டயப்பர் என்று எடுங்கள், தாமதத்துக்கு இரண்டு மூன்று கூட. ஈரத் துடைப்பான் நிறைய. மேசை, கைப்பிடி, பெல்ட் கொக்கி எல்லாவற்றையும் உட்கார்ந்ததும் துடைத்துவிடலாம். குழந்தைக்கு இரண்டு மாற்றுடை, உங்களுக்கு ஒரு சட்டை. இந்தக் கடைசி ஒன்றைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். குழந்தை வாந்தியெடுப்பது உங்கள் மேல்தான். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகள், அழுக்குத் துணிக்கு. காய்ச்சல் மருந்து. மெல்லிய போர்வை, வீட்டில் தூங்கும்போது கட்டிக்கொள்ளும் பொருள் எதுவோ அது.

இவற்றில் ஒரு டயப்பர், கொஞ்சம் துடைப்பான், ஒரு மாற்றுடை ஆகியவற்றை மட்டும் சின்னப் பையில் தனியாகப் போடுங்கள். கழிவறைக்குள் பெரிய பையோடு நுழைந்தால் குழந்தையை வைக்க இடம் இருக்காது.

விமானத்தில் சாப்பாடு?

குழந்தை உணவு வேண்டுமென்றால் குறைந்தது 24 மணி நேரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். எல்லா விமானத்திலும் கிடைக்காது. மடிக் குழந்தைக்குத் தனித் தட்டு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழக்கமான உணவை நீங்களே எடுத்துப் போவதுதான் நிச்சயம். புது உணவைச் சோதித்துப் பார்க்கும் இடம் இதுவல்ல. முழு திராட்சை, கொட்டைகள், பாப்கார்ன், கெட்டி மிட்டாய் வேண்டவே வேண்டாம். தொண்டையில் சிக்கினால் உதவி எட்டும் தூரத்தில் இருக்காது.

இன்னொன்று: ஸ்ட்ரா வைத்த டம்ளரை மேலே போனதும் அப்படியே திறந்தால் உள்ளே இருப்பது பீறிட்டு அடிக்கும். அழுத்த வேறுபாடுதான் காரணம். முதலில் மூடியைக் கொஞ்சம் தளர்த்திக் காற்றை விட்டுவிட்டு அப்புறம் கொடுங்கள். உள்ளே காற்று வறட்சியாக இருக்கும் என்பதால் தண்ணீரை அடிக்கடி நீட்டிக்கொண்டே இருங்கள்.

எவ்வளவு நேரம்தான் விளையாட்டுக் காட்டுவது?

இந்த வயதில் ஒரு பொருள் தாங்குவது பத்துப் பதினைந்து நிமிடம். அதனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்காமல் ஒவ்வொன்றாக வெளியே விடுங்கள். விலையுயர்ந்த பொம்மை தேவையில்லை. ஒட்டி எடுக்கும் ஸ்டிக்கர், ஜன்னலில் ஒட்டும் வண்ணத் தாள், உருளாத கிரேயான், திறந்து மூடும் சின்ன டப்பாக்கள், சத்தம் போடாதவையாக. உருளும் பந்தும் நிறைய துண்டுகள் உள்ள விளையாட்டும் சீட்டுக்கு அடியில் போய்ச் சேரும்.

திரையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: இரண்டு வயதுக்குக் கீழே திரை வேண்டாம், அதன் பிறகு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது தினசரி வாழ்க்கைக்கு. ஏழு மணி நேர விமானத்தில் கொஞ்சம் கூடினால் வானம் இடிந்து விழாது. படங்களை முன்பே இறக்கிவையுங்கள், சத்தம் 85 டெசிபெலுக்கு மேல் போகாத குழந்தை ஹெட்ஃபோனை வீட்டிலேயே மாட்டிப் பழக்குங்கள். அங்கே முதல் முறையாக மாட்டினால் பிடுங்கி எறிந்துவிடும்.

ஏறுவதற்கு முன்னால் நன்றாக ஓடவிடுங்கள். குழந்தை உள்ளவர்களை முதலில் ஏறச் சொல்வார்கள். இருவர் போகிறீர்கள் என்றால் ஒருவர் மட்டும் பைகளோடு முதலில் ஏறட்டும், மற்றவர் கடைசி அழைப்பு வரை குழந்தையை வெளியே ஓடவிடட்டும். அரை மணி நேரம் கூடுதலாகக் கட்டிவைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

டயப்பரை எங்கே மாற்றுவது?

சில கழிவறைகளில் மட்டும் மடித்து இறக்கும் பலகை இருக்கும். எதில் இருக்கிறது என்று பணியாளரிடம் கேளுங்கள். நிற்கும் குழந்தை என்றால் மூடி போட்ட கழிப்புக் கோப்பையின் மேல் நிற்க வைத்தே மாற்றிவிடலாம். இழுத்துப் போடும் ரக டயப்பர் அதற்கு வசதி. சீட்டில் வைத்து மாற்றாதீர்கள். குழந்தைக்குச் செருப்பு போடாமல் கழிவறைக்குள் இறக்கிவிடாதீர்கள், அங்கே தரையில் இருக்கும் ஈரம் எப்போதும் தண்ணீர் இல்லை.

கத்தி அழுதால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே?

பார்ப்பார்கள், பார்க்கட்டும். முதலில் பசி, ஈரம், காது, சூடு, தூக்கம் என்று வரிசையாகப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் பெல்ட் விளக்கு அணைந்திருக்கும்போது தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய் நில்லுங்கள். இடம் மாறினாலே பாதிக் குழந்தைகள் அடங்கிவிடும். பெல்ட் விளக்கு எரிந்தால் எவ்வளவு அழுதாலும் எழாதீர்கள், அதில் மட்டும் சமரசம் கூடாது. பக்கத்து சீட்காரர்களுக்கு மன்னிப்புக் கடிதமும் மிட்டாயும் கொடுக்கும் வழக்கம் சில காலமாகப் பரவியிருக்கிறது. எனக்கு அது அவசியமாகப் படவில்லை. குழந்தை முன் சீட்டை உதைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான மரியாதை.

ஆக்சிஜன் முகமூடி விழுந்தால் யாருக்கு முதலில்?

உங்களுக்கு. 35,000 அடியில் அழுத்தம் போய்விட்டால் தெளிவாகச் செயல்பட 30 முதல் 60 நொடிதான் கிடைக்கும். குழந்தைக்கு மாட்டப் போராடும்போது நீங்கள் மயங்கிவிட்டால் இருவருக்கும் உதவி இல்லை.

நேர வித்தியாசம் பழக எத்தனை நாள் ஆகும்?

ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்பது தோராயக் கணக்கு. போய்ச் சேர்ந்த காலையிலேயே வெயிலில் விளையாடவிடுங்கள், உடலின் கடிகாரத்தைத் திருப்புவது வெளிச்சம்தான். சாப்பாட்டையும் அந்த ஊர் நேரத்துக்கே கொடுங்கள். நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்தால் விளக்கு போடாமல், திரை காட்டாமல், சும்மா பக்கத்தில் படுத்திருங்கள். முதல் இரண்டு நாளைக்கு வேறு திட்டம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நான் தனியாகக் குழந்தையோடு போகிறேன். கழிவறைக்கு எப்படிப் போவது?

விமான நிலையத்தில் குடும்பத்துக்கான பெரிய கழிவறையைத் தேடுங்கள், ஏறுவதற்கு முன் கடைசியாக ஒரு முறை போய்விடுங்கள். விமானத்தில் கேரியரில் கட்டிக்கொண்டு போகலாம். அல்லது பணியாளரிடம் இரண்டு நிமிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம், வேலை இல்லாத நேரத்தில் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஏறும்போதே "நான் தனியா வந்திருக்கேன்" என்று அவர்களிடம் சொல்லிவையுங்கள். பையை மேலே தூக்கி வைக்க, இறங்கும்போது வண்டியை எடுத்துத் தர என்று யாராவது வருவார்கள். முன்பதிவின்போதே நிறுவனத்திடம் உதவி கேட்டும் பதிந்துகொள்ளலாம். இறங்கும்போது அவசரப்பட வேண்டாம். எல்லாரும் போன பிறகு சீட்டுக்கு அடியில் ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு இறங்குங்கள், ஒரு காலணியாவது அங்கே கிடக்கும்.